கடவுளைப் படிக்கக் காசு கொடுப்பவர்கள்

எஃகு, எண்ணெய், காப்பீடு, பத்திரிகை, பர்கர்... உலக அரசியலில் மதம் என்ன செய்கிறது என்று ஆராய்வதற்கு இத்தனை தொழில்களின் லாபமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொடுத்தவர்கள் யார், அவர்கள் எதிர்பார்த்தது என்ன, நம் பக்கத்துக்கு வந்தது எது?

1914 பிப்ரவரி 10. நியூயார்க்கில் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் மாளிகையில் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க, யூத மதத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். அவர்களிடம் கார்னகி ஒப்படைத்தது 20 லட்சம் டாலர். வேலை ஒன்றுதான்: மதங்களின் செல்வாக்கைத் திரட்டி உலகத்தில் போரை ஒழிக்க வேண்டும். கூடவே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். போர் ஒழிந்த பிறகு இந்தப் பணத்துக்கு வேலை இருக்காதே, அப்போது அதை ஏழைகளுக்குச் செலவிடலாம் என்று.

‘சர்ச் பீஸ் யூனியன்’ என்ற அந்த அமைப்பின் ஆதரவில் முதல் பெரிய மாநாடு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் ஏற்பாடானது. தேதி, 1914 ஆகஸ்ட் முதல் வாரம். ரஷ்யா மீது ஜெர்மனி போர் அறிவித்தது ஆகஸ்ட் 1. கிளம்பியவர்களில் பலர் வந்து சேரவே இல்லை. வந்தவர்கள் அவசரமாகப் பிரார்த்தனை செய்து, தீர்மானம் போட்டுவிட்டு, போர் தொடங்கிவிட்ட ஜெர்மனி வழியாகவே ரயிலேறித் திரும்பினார்கள்.

கார்னகியின் பணம் அதோடு தீர்ந்துவிடவில்லை. 1961-ல் அந்த அமைப்பு ‘மதம் மற்றும் சர்வதேச விவகாரங்களுக்கான கவுன்சில்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1986-ல் ‘கார்னகி கவுன்சில்’ ஆனபோது மதத்தை எடுத்துவிட்டு, அறத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்டது. ஈரான் புரட்சி முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்த நேரம் அது. மதம் உலக அரசியலுக்குள் முழு வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, அதற்கென்றே தொடங்கப்பட்ட அமைப்பு தன் பெயர்ப்பலகையிலிருந்து மதத்தை இறக்கியது.

கார்னகிக்குப் பின் நூறு வருடங்களுக்கு மேலாக இந்தத் துறைக்குத் தனியார் பணம் வந்துகொண்டே இருக்கிறது. அரசாங்கங்கள் கேட்க மறந்த கேள்விகளைக் கேட்க வைத்தது அந்தப் பணம். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்பதை முடிவு செய்ததும் அதே பணம்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கதை புரியாது.

ராக்ஃபெல்லரும் தாம்பரமும்

1930-ல் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியருக்கு ஒரு சந்தேகம். ஆசியாவுக்கு மிஷனரிகளை அனுப்ப அமெரிக்கர்கள் கொட்டிக் கொடுக்கும் பணம் உருப்படியாகத்தான் செலவாகிறதா? அவர் செலவில் ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் வில்லியம் எர்னஸ்ட் ஹாக்கிங் தலைமையில் ஒரு குழு இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான் நாடுகளுக்கு வந்து விசாரித்தது. 1932-ல் வெளியான அறிக்கை தேவாலய வட்டாரங்களைக் கலங்கடித்தது. மற்ற மதங்களை ஒழிப்பது மிஷனரியின் வேலையாக இருக்கக் கூடாது, அவற்றோடு சேர்ந்து உண்மையைத் தேட வேண்டும் என்பது அதன் சாரம்.

இதற்கான பதில் விவாதம் நடந்த இடம் நம் தாம்பரம். சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாட்டைச் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடத்தத்தான் திட்டமிட்டிருந்தார்கள். ஜப்பான் சீனாவுக்குள் படையெடுத்ததால் இடம் மாறியது. 1938 டிசம்பரில், அதற்கு முந்தைய வருடம்தான் தாம்பரத்துக்குக் குடிவந்திருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், சுமார் 70 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஹாக்கிங்கின் கருத்துக்கு எதிராக டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் இந்த மாநாட்டுக்காகவே ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தார். சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை போன்ற இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் கிரேமரை விமர்சித்துத் தனி நூலே வெளியிட்டார்கள்.

ஒரு அமெரிக்க எண்ணெய் வாரிசின் சந்தேகம், டச்சுக்காரர் ஒருவரின் மறுப்பு, சென்னைக்காரர்களின் எதிர்மறுப்பு. பணம் கொடுத்தவரின் கட்டுப்பாட்டை மீறி விவாதம் எங்கெல்லாம் போய்விடும் என்பதற்கு இந்தத் துறையின் தொடக்கத்திலேயே கிடைத்த சாட்சி இது.

1954-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை வாஷிங்டனில் இன்னொரு கூட்டம் போட்டது. சர்வதேச உறவுகளுக்கு ஒரு கோட்பாடு தேவையா என்று பேசுவதற்காக. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் அரசியல் அறிஞர் ஹான்ஸ் மோர்கெந்தோவும் உண்டு, இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபரும் உண்டு. மனிதனின் பாவ இயல்பைப் பற்றிப் பேசிய ஒரு பாதிரியார், வல்லரசுகளின் போக்கைப் புரிந்துகொள்ள உதவுவார் என்று அன்று நினைத்தார்கள். அடுத்த தலைமுறைப் பேராசிரியர்கள் அந்த நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். படைபலம், பொருளாதாரம், கம்யூனிசம் என்று பேசினால் போதும். நாடுகள் வளர வளர மதம் தானாக வீட்டுப் பூஜை அறைக்குள் போய்விடும் என்பது அந்தக் காலத்தின் பொது நம்பிக்கை.

தெஹ்ரானில் விழுந்த அடி

1977 டிசம்பர் 31 இரவு. தெஹ்ரானில் மன்னர் ஷா கொடுத்த விருந்தில், கொந்தளிக்கும் பகுதியில் ஈரான் ஒரு நிலையான தீவு என்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் புகழ்ந்தார். பதிமூன்றே மாதம். 1979 பிப்ரவரி 1-ல் பாரிஸிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினார் அயத்துல்லா கொமேனி. பத்து நாளில் பழைய ஆட்சி சரிந்தது. நவம்பரில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள்.

கொமேனியின் பேச்சுகள் கேசட்டில் பதிவாகிக் கடைவீதிகளிலும் மசூதிகளிலும் பரவிக்கொண்டிருந்தது ரகசியமே இல்லை. வாஷிங்டனில் அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. ஈரானின் முக்கிய மதகுருமார்கள் என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஆராயலாம் என சிஐஏவுக்குள் எழுந்த ஒரே ஒரு யோசனையும், அது சமூகவியல், நம் வேலை இல்லை என்று தள்ளப்பட்டதாகப் பாதுகாப்பு ஆய்வாளர் எட்வர்ட் லுட்வாக் பின்னாளில் எழுதினார். டக்ளஸ் ஜான்ஸ்டன், சிந்தியா சாம்ப்சன் தொகுத்து 1994-ல் வெளியான, ராஜதந்திரத்தில் மதம் விடுபட்டுப் போனதைப் பற்றிய நூலில் இந்தத் தகவல் வருகிறது. அமெரிக்கத் தூதர்களின் பயிற்சியில் இந்த நூல் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது.

காப்பீட்டுப் பணத்தில் அடிப்படைவாத ஆய்வு

ஈரானுக்குப் பிறகு முதலில் பணப்பையைத் திறந்தது சிகாகோவின் மெக்ஆர்தர் அறக்கட்டளை. காப்பீட்டுத் தொழிலில் கோடிகளைக் குவித்த ஜான் டி. மெக்ஆர்தரின் சொத்து அது. அமெரிக்கக் கலை அறிவியல் அகாடமி நடத்த, மார்ட்டின் மார்ட்டி, ஸ்காட் ஆப்பிள்பி இருவரும் தலைமையேற்ற ‘அடிப்படைவாதத் திட்டம்’ உலகம் முழுவதும் அறிஞர்களைத் திரட்டியது. 1991 முதல் 1995 வரை ஐந்து தடித்த தொகுதிகள். ஈரானிய ஷியாக்கள், அமெரிக்கப் பாப்டிஸ்ட்கள், இஸ்ரேலியக் குடியேறிகள், ஆர்.எஸ்.எஸ்., தேரவாத பௌத்தர்கள் என்று எல்லோரும் ஒரே தலைப்பின்கீழ் வந்தார்கள்.

சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் தன் மேஜையில் வந்து விழுந்த முதல் தொகுதியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். முற்போக்கான ஒரு அறக்கட்டளை மத வெறியர்களைப் பற்றிப் படிக்க ஏன் இவ்வளவு செலவழிக்கிறது? அந்த அறக்கட்டளையை நடத்துகிறவர்களுக்கு அந்த மனிதர்கள் விசித்திரப் பிறவிகளாகத் தெரிகிறார்கள் என்பது அவர் கண்டுபிடித்த பதில். உலக அளவில் பார்த்தால் தீவிர மத நம்பிக்கை சர்வ சாதாரணம்; அதை ஆச்சரியமாகப் பார்க்கும் மேற்கத்தியப் பேராசிரியர்தான் அபூர்வம், ஆராய வேண்டியது அவரைத்தான் என்றார் பெர்கர். 1960-களில் மதம் தேய்ந்துவிடும் என்று வாதாடிய அதே பெர்கர்.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் உண்டு. அடிப்படைவாதம் என்ற பெயருக்குக் காரணமான ‘தி ஃபண்டமென்டல்ஸ்’ என்ற 12 பிரசுரங்கள் 1910-க்கும் 1915-க்கும் இடையே அமெரிக்காவில் அச்சாகின. சுமார் 30 லட்சம் பிரதிகள் உலகமெங்கும் பாதிரியார்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாகப் போயின. செலவை ஏற்றவர்கள் கலிபோர்னியாவின் யூனியன் ஆயில் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைமன் ஸ்டூவர்ட்டும் அவர் சகோதரர் மில்டனும். ஒரு எண்ணெய் முதலாளி வளர்த்ததை, எண்பது வருடம் கழித்து ஒரு காப்பீட்டு முதலாளியின் பணம் ஆராய்ந்தது.

இதே காலத்தில் மெக்டொனால்ட்ஸ் பர்கரின் லாபமும் வந்து சேர்ந்தது. ரே கிராக்கின் மனைவி ஜோன் கிராக் கொடுத்த நிதியில் 1986-ல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் அமைதி ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 2003-ல் அவர் இறந்தபோது உயில் வழியாக அதற்கு மேலும் 5 கோடி டாலர் கிடைத்தது. அடிப்படைவாதத் திட்டத்தை நடத்திய ஆப்பிள்பி பின்பு இதற்கு இயக்குநரானார். புனிதம் என்பது கொலைக்கும் தூண்டும், சமாதானத்துக்கும் தூண்டும், இரண்டையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற அவருடைய வாதம் இன்று இந்தத் துறையின் பாலபாடம்.

1,600-ல் ஆறு

இத்தனைக்குப் பிறகும் பல்கலைக்கழகங்களின் சர்வதேச உறவுத் துறைகள் அசையவில்லை. டேனியல் பில்பாட் என்ற அறிஞர் ஒரு கணக்கு எடுத்தார். துறையின் நான்கு முன்னணி ஆய்விதழ்களில் 1980 முதல் 1999 வரை வந்த சுமார் 1,600 கட்டுரைகளில், மதத்தை முக்கியமான காரணியாக எடுத்துக்கொண்டவை ஏறத்தாழ ஆறு. ஈரான் புரட்சி, போலந்தில் திருச்சபை ஆதரித்த சாலிடாரிட்டி இயக்கம், ஆப்கன் ஜிகாத், பாபர் மசூதி இடிப்பு, போஸ்னியா எல்லாமே அந்த இருபது வருடத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோதான் நடந்தன. பில்பாட்டின் கட்டுரை 2002-ல் வெளிவந்தபோது இரட்டைக் கோபுரங்கள் விழுந்திருந்தன. அதன் பிறகுதான் கதவுகள் திறந்தன.

அந்தத் திறப்பில் முன்னால் நின்றது ஹென்றி லூஸ் அறக்கட்டளை. டைம், ஃபார்ச்சூன், லைஃப் பத்திரிகைகளை உருவாக்கிய ஹென்றி லூஸ் 1898-ல் சீனாவில், பிரஸ்பிட்டேரியன் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். பெற்றோரின் நினைவாக 1936-ல் அறக்கட்டளை தொடங்கினார். 20-ம் நூற்றாண்டு அமெரிக்காவின் நூற்றாண்டாக இருக்க வேண்டும் என்று 1941-ல் எழுதியவரும் இவரே. நீபரைத் தன் டைம் பத்திரிகையின் 25-ம் ஆண்டு இதழில் அட்டைப்படமாகப் போட்டவரும் இவரே. மதமும் அமெரிக்க வல்லமையும் அவர் மனதில் பிரிக்க முடியாமல் கிடந்தன.

2005-ல் அந்த அறக்கட்டளை ‘மதமும் சர்வதேச விவகாரங்களும்’ என்ற தனி நல்கைத் திட்டத்தை லூஸின் பெயரிலேயே தொடங்கியது. புது மையங்களைக் கட்டுவதைவிட, ராஜதந்திரிகளையும் பத்திரிகையாளர்களையும் உருவாக்கும் பள்ளிகளுக்குள் மதத்தை நுழைப்பது அதன் உத்தி. சர்வதேச விவகாரங்களைக் கற்பிக்கும் முன்னணிப் பள்ளிகளில் பாடங்களும் கருத்தரங்குகளும் வந்தன. வெளியுறவுக் கவுன்சில் போன்ற சிந்தனைக் குழாம்களில் மதத் தலைவர்களும் கொள்கை வகுப்பவர்களும் சந்தித்துப் பேச ஏற்பாடானது. காப்பீட்டுத் தொழிலதிபர் வில்லியம் பெர்க்லியின் கொடையில் 2006-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பெர்க்லி மையம் திறந்தது. 2013-ல் வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி தன் அமைச்சகத்திலேயே மத விவகாரங்களுக்குத் தனி அலுவலகம் வைத்தார். இன்று கல்லூரிக்குப் போனால் ஒப்பீட்டு மதத்தைத்தான் முதன்மைப் பாடமாக எடுப்பேன் என்று சொன்னவர் அவர். ஆட்சி மாறியதும் அந்த அலுவலகம் தன் தனித்தன்மையை இழந்து வேறொரு பிரிவுக்குள் கரைந்தது. அரசுப் பணம் தேர்தலோடு வரும், தேர்தலோடு போகும். 2025 ஜூலை 1-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடப்பட்ட பிறகு தனியார் அறக்கட்டளைகளின் எடை இன்னும் கூடியிருக்கிறது.

இரண்டு அறக்கட்டளை, இரண்டு பதில்

2010-களின் தொடக்கத்தில் ஒரு சுவாரசியமான போட்டி நடந்தது. முதலீட்டு மன்னர் ஜான் டெம்பிள்டன் விட்டுச்சென்ற அறக்கட்டளையின் பணத்தில், பெர்க்லி மையத்தில் ‘மதச் சுதந்திரத் திட்டம்’ தொடங்கியது. தலைமை, அமெரிக்க வெளியுறவுத் துறையில் சர்வதேச மதச் சுதந்திர அலுவலகத்தின் முதல் இயக்குநராக இருந்த தாமஸ் ஃபார். மதச் சுதந்திரம் இருக்கும் நாட்டில் வளர்ச்சியும் ஜனநாயகமும் பாதுகாப்பும் வரும், எனவே அமெரிக்கா அதை உலகெங்கும் வலியுறுத்த வேண்டும் என்பது இவர்கள் கட்சி.

அதே சமயம் லூஸ் பணத்தில் இன்னொரு குழு கிளம்பியது. ‘மதச் சுதந்திரத்தின் அரசியல்’ என்பது அதன் ஆய்வுப் பொருள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஷாக்மன் ஹர்ட், குவெட்டாவில் பிறந்த மானுடவியலாளர் சபா மஹ்மூத், வினிஃப்ரெட் சல்லிவன், பீட்டர் டான்சின் ஆகிய நால்வர் நடத்தினார்கள். மதச் சுதந்திரம் என்று ஒரு வல்லரசு பேசத் தொடங்கியதும், எது மதம், எது சிறுபான்மை, யார் அதன் பிரதிநிதி என்பதையும் அந்த வல்லரசே தீர்மானிக்கிறது என்பது இவர்கள் வாதம். துருக்கியின் அலேவிகளையும் மியான்மரின் ரோஹிங்யாக்களையும் வைத்து ஹர்ட் 2015-ல் எழுதிய நூல் இதை விரித்துச் சொல்கிறது. நிலம், குடியுரிமை, ராணுவம், வறுமை எல்லாம் சேர்ந்த ரோஹிங்யா சிக்கலை மதத் துன்புறுத்தல் என்று மட்டும் சுருக்கினால் பாதிக் காரணங்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

ஆராய்ச்சிப் பணம் லெட்டர்பேடு வைத்திருப்பவர்களைத்தான் முதலில் தேடிப் போகும்: பேராயர், இமாம், மகாநாயக்க தேரர், மடாதிபதி. நாகூர் தர்காவில் நேர்ச்சை செலுத்தும் இந்துக் குடும்பத்துக்கும், வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கிறிஸ்தவர் அல்லாத பக்தருக்கும் செய்தித் தொடர்பாளர் கிடையாது. எந்த மாநாட்டு மேடையிலும் அவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை. மக்கள் வாழும் மதத்துக்கும் அரசுகளும் நிபுணர்களும் வரையறுக்கும் மதத்துக்கும் இடைவெளி இருக்கிறது என்று ஹர்ட் சொல்வதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

ஒரு மிஷனரி மகனின் பணம், மதச் சுதந்திரப் பிரசாரத்தையே கேள்வி கேட்ட ஆய்வுக்குப் போனது. இதுதான் இந்தத் துறையின் ஆரோக்கியமான பக்கம். ஒரே புரவலர் மட்டும் இருந்திருந்தால் ஒரே பதில்தான் அச்சாகியிருக்கும்.

கொடையும் கொக்கியும்

எல்லாப் பணமும் இவ்வளவு நாகரிகமாக வருவதில்லை. 2001 அக்டோபரில் சவுதி இளவரசர் அல்வலீத் பின் தலால் நியூயார்க்குக்குக் கொடுத்த 1 கோடி டாலர் காசோலையை மேயர் ரூடி ஜூலியானி திருப்பிவிட்டார். பாலஸ்தீன விஷயத்தில் அமெரிக்கா தன் கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று இளவரசர் கூடவே ஒரு அறிக்கையும் விட்டதுதான் காரணம். நான்கு வருடம் கழித்து அதே இளவரசர் ஹார்வர்டுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் தலா 2 கோடி டாலர் கொடுத்தார். இஸ்லாமிய ஆய்வுக்காக. இரண்டு பல்கலைக்கழகங்களும் வாங்கிக்கொண்டன. 2012-ல் சவுதி அரேபியா, ஆஸ்திரியா, ஸ்பெயின் சேர்ந்து வியன்னாவில் பன்மத உரையாடல் மையம் ஒன்றைத் திறந்தன. சொந்த மண்ணில் தேவாலயம் கட்ட அனுமதிக்காத அரசு வெளிநாட்டில் மத நல்லிணக்கம் பேசுகிறதே என்ற எதிர்ப்பு ஆஸ்திரியாவில் ஓயவில்லை. மையம் கடைசியில் லிஸ்பனுக்கு இடம் மாறியது.

இந்துப் பணமும் இந்தச் சோதனையில் மாட்டியதுண்டு. கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் இந்திய மரபுகளைப் பற்றிய இருக்கைகள் அமைக்க ‘தர்ம நாகரிக அறக்கட்டளை’ சம்பந்தப்பட்ட கொடை வந்தது. நியமனங்களில் கொடையாளரின் கை இருக்கும் என்று பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2016-ல் பல்கலைக்கழகம் பின்வாங்கியது.

இந்த வம்புகளுக்குள் ஒரு எளிய நடைமுறை விஷயம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று இருக்கை. முதலை வங்கியில் போட்டு, வட்டியில் பேராசிரியர் சம்பளம் நிரந்தரமாக ஓடும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்ட உலகத் தமிழர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. இன்னொன்று திட்ட நல்கை. இரண்டு மூன்று வருடத்துக்குக் காசு வரும், முடிவில் அறிக்கை கொடுக்க வேண்டும், அடுத்த நல்கைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இருக்கையில் கொடையாளர் தொடக்கத்தில் மட்டும்தான் பேச முடியும். நல்கையில் ஒவ்வொரு சுற்றிலும் பேசலாம். யாரும் மிரட்ட வேண்டியதே இல்லை. அடுத்த சுற்றில் எந்தத் தலைப்புக்குப் பணம் வரும் என்று ஆராய்ச்சியாளரே முகர்ந்து பார்த்து விண்ணப்பம் எழுதுவார்.

நம்மூர்க் கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதி எழுதியே வெளிச்சம் மறைந்துபோவதைப் பார்த்திருப்போம். பெயர் இருக்கட்டும், வெளிச்சம் எவ்வளவு வெளியே வருகிறது என்பதே அளவுகோல்.

நம்மைப் பற்றிய எண்கள் எங்கிருந்து?

2021 ஜூனில் வாஷிங்டனின் பியூ ஆராய்ச்சி மையம் இந்தியாவில் மதம் பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டது. 17 மொழிகளில், சுமார் 30,000 பேரை நேரில் சந்தித்து எடுத்த கருத்துக்கணிப்பு. எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருக்க மிக முக்கியம் என்றார்கள் 84 சதவீதம் பேர். உண்மையான இந்தியராக இருக்க இந்துவாக இருப்பது மிக முக்கியம் என்றார்கள் இந்துக்களில் 64 சதவீதம் பேர். இரண்டும் ஒரே மண்ணில், பல வேளை ஒரே வாயிலிருந்து. நம் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் இந்த எண்களை வைத்து மாதக்கணக்கில் வாதாடினார்கள்.

பணம் யாருடையது? சன் ஆயில் நிறுவனத்தின் பியூ குடும்பம் வைத்த அறக்கட்டளையும் டெம்பிள்டன் அறக்கட்டளையும் பகிர்ந்து கொடுத்தது. அந்தக் குடும்பத்தின் ஹோவர்டு பியூ, அமெரிக்க இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களின் முக்கிய இதழான ‘கிறிஸ்டியானிட்டி டுடே’வுக்கு 1950-களில் நிதி கொடுத்துத் தூக்கிவிட்டவர். டெம்பிள்டன் தன் பெயரில் வைத்த பரிசு முதலில் அன்னை தெரசாவுக்கும், 1975-ல் நம் முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கும் போனது. பரிசுத் தொகையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார் ராதாகிருஷ்ணன்.

இந்தப் பின்னணியை வைத்து பியூ ஆய்வைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கேள்வித்தாள், மாதிரி எடுத்த முறை, பிழை வரம்பு எல்லாவற்றையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். உறுத்துவது வேறு. நம் மதங்களைப் பற்றி நம்மை இவ்வளவு விரிவாக விசாரிக்க ஒரு அமெரிக்க எண்ணெய்க் குடும்பத்தின் பணம் வேண்டியிருந்தது.

தம்பையா காட்டிய வழி

மதத்தை விட்டுவிட்டு நம் பக்கத்து அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. மதத்தை மட்டும் வைத்தும் முடியாது. இதை முதலில் சொல்லிக் காட்டியவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழரான ஹார்வர்டு மானுடவியலாளர் ஸ்டான்லி தம்பையா. 1956-ல் மாணவர்களோடு கல் ஓயாப் பள்ளத்தாக்கில் கள ஆய்வில் இருந்தபோது இனக்கலவரம் வெடித்ததை அருகில் இருந்து அனுபவித்தவர். அடிப்படைவாதத் திட்டத்தின் தொகுதி ஒன்றுக்கு இலங்கை பௌத்தமும் வன்முறையும் பற்றி எழுதினார். அதற்கு முன்பே 1992-ல், பௌத்தம் துரோகத்துக்கு ஆளானதா என்று கேட்கும் நூலை ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஹெல்சிங்கி ஆய்வு நிறுவனத்துக்காக எழுதியிருந்தார். அப்போது அந்நிறுவனத்தின் இயக்குநர் இலங்கைப் பொருளாதார அறிஞர் லால் ஜயவர்த்தன. நூல் கொழும்பில் பெரும் புயலைக் கிளப்பியது. தாய்லாந்து பௌத்தத்தை வருடக்கணக்கில் நேசத்தோடு ஆராய்ந்த ஒருவர் எழுதியது என்பதால் அதை எளிதில் ஒதுக்கவும் முடியவில்லை.

ஈழச் சிக்கலைப் பௌத்த-இந்து சண்டை என்று எழுதும் வெளிநாட்டு அறிக்கைகள் இன்றும் வருகின்றன. தமிழர் தரப்பில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் நின்றதை அது விளக்காது. சிங்களரிலும் கத்தோலிக்கர்கள் உண்டு என்பதை விளக்காது. 1990 அக்டோபரில் தமிழ் பேசும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றியதை மொழியை மட்டும் வைத்தும் விளக்க முடியாது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு இன்னொரு கணக்கு வேண்டும். சிங்களம், தமிழ், அரபு மூன்றும் தெரிந்த, கோயில், விகாரை, மசூதி, தேவாலயம் நான்குக்குள்ளும் போய் வரக்கூடிய ஆய்வாளர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கப் பத்து வருடம் பிடிக்கும், பணமும் பிடிக்கும்.

சென்னையில் என்ன குறை?

நம்மிடம் தொடக்கம் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒன்று, கிறிஸ்தவத்துக்கு ஒன்று, சமணத்துக்கு ஒன்று, நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரில் இஸ்லாமிய ஆய்வு மையம் ஒன்று. இவற்றில் பல அந்தந்தச் சமூகத்தாரின் கொடையால் வந்தவை. அதே பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையமும் இருக்கிறது. ஒவ்வொரு சமூகமும் தன் மதத்தைப் படிக்கக் கொடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டு மதத்தைப் படிக்கவும், இந்த மதங்கள் நாடுகளுக்கு இடையே என்ன செய்கின்றன என்று பார்க்கவும் கொடை வைக்க நம்மவர்களுக்குத் தோன்றவில்லை. தமிழகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இலங்கை, சற்றுத் தள்ளி மாலத்தீவு, வங்கக் கடலின் அக்கரையில் மியான்மர். மூன்று நாட்டு அரசியலிலும் மதம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

சட்டமும் உதவவில்லை. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, வாங்கிய பணத்தை ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் கணக்கு டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தில் கூட்டு ஆய்வு நடத்துவது இதனால் மிகக் கடினமாகிவிட்டது. உள்நாட்டுப் பணம் வரவேண்டிய வழி பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். ஆனால் அதன் பட்டியலில் ஆராய்ச்சி என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டவை அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம். சமூக அறிவியலை யாரும் தடுக்கவில்லை, நினைவில் வைக்கவும் இல்லை.

தமிழகத்தில் கோயில் திருப்பணிக்கும் குருபூஜைக்கும் அன்னதானத்துக்கும் கோடிகள் குவிகின்றன. சாதிச் சங்கங்கள் கல்லூரி கட்டுகின்றன. புலம்பெயர்ந்த தமிழர்கள் ஹார்வர்டில் இருக்கை வைக்கிறார்கள். கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்தக் கொடையில் ஒரு சிறு பங்கை இந்தத் துறைக்குத் திருப்பலாம். நூறு வருட அமெரிக்க அனுபவம் நமக்கு மூன்று நிபந்தனைகளைக் கற்றுத் தருகிறது. கொடை ஒப்பந்தம் முழுவதும் பொதுவில் இருக்க வேண்டும். யாரை நியமிப்பது என்பதில் கொடையாளருக்கு ஓட்டு இருக்கக் கூடாது. ஒரே கேள்விக்கு எதிரெதிர் பதில் தேடும் இருவருக்கும் பணம் போக வேண்டும்.

லூஸும் டெம்பிள்டனும் பியூவும் தங்கள் நாட்டுக்குத் தேவையான கேள்விகளைத் தங்கள் காசில் கேட்டார்கள். அதில் தவறில்லை. நமக்குத் தேவையான கேள்விகளை அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருப்பதுதான் தவறு. இலங்கையோடும் மாலத்தீவோடும் மியான்மரோடும் நாளைக்கு வரப்போகும் சிக்கல்களைத் தமிழில் புரிந்துகொள்ள நினைக்கும் கொடையாளர்கள், நம் பல்கலைக்கழகம் ஒன்றில் இதற்கான முதல் இருக்கையை இந்த வருடமே தொடங்கி வைக்கட்டும்.